வெள்ளைக் கோடு மறையும்வரை

மழுங்கிய கத்தியைக் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடலாம். ஜன்னலோரம் நின்று, கத்தியின் வாய் உங்களைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, மெல்ல முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். வாயின் மீது எங்காவது மெல்லிய வெள்ளைக் கோடு மின்னினால் அந்த இடம் மழுங்கியிருக்கிறது. ஒளி பட்டுத் திரும்ப ஒரு பரப்பு வேண்டும். அங்கே பரப்பு இருக்கிறதென்றால், கத்தியின் இரண்டு பக்கச் சரிவுகளும் இன்னும் ஒன்றோடொன்று சேரவில்லை. நன்றாகத் தீட்டிய வாயில் ஒளி வந்து நிற்க இடமே கிடையாது. எப்படிச் சாய்த்தாலும் கறுப்பாகவே இருக்கும்.

என்னிடம் இருக்கும் சவரக்கத்தியில் இந்த வெள்ளைக் கோடு 2 வாரம் என்னைப் பாடாய்ப்படுத்தியது. எங்கள் தெருமுனையில் சலூன் வைத்திருந்த பெரியவருடைய கத்தி அது. ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் செய்த மடக்குக் கத்தி. பிடி கறுத்து, முதுகு தேய்ந்து, இருபுறமும் குழித்த மெல்லிய அலகோடு இருக்கும். எய்ட்ஸ் பற்றிய அச்சம் ஊருக்குள் வந்த ஆண்டுகளில், பாதி பிளேடைச் செருகி ஒருமுறை பயன்படுத்தியதும் எறிந்துவிடுகிற கத்திக்குச் சலூன்கள் மாறின. அது சரியான மாற்றம்தான். பெரியவரின் சோலிங்கன் கத்தி இழுப்பறைக்குள் போய்விட்டது. கடையை மூடிய நாளில் அதையும், கூடவே தன் தீட்டுகல்லையும் எடுத்து என்னிடம் கொடுத்தார். “தம்பி, கத்தியில ஒரு குறையும் இல்ல. கல்லுதான் நடுவுல குழி விழுந்துபோச்சு. அத மட்டம் பண்ணிட்டு அப்புறம் தீட்டு” என்றார்.

பார்வைக்குக் கல் மட்டமாகத்தான் தெரிந்தது. அப்படியே தீட்டினேன். அலகின் இரண்டு ஓரங்களிலும் வெள்ளைக் கோடு மறைந்தது. நடுவில் இரண்டு விரற்கடை நீளத்துக்கு மட்டும் அசையாமல் நின்றது. இன்னும் அழுத்தித் தீட்டியதில் ஓரங்கள் தேய்ந்தனவே தவிர நடுக்கோடு போகவில்லை. கடைசியில் ஓர் எஃகு ஸ்கேலைக் கல்லின் அகலவாட்டில் நிறுத்தி, அடியில் ஒரு ஜெராக்ஸ் தாளைச் செருகினேன். இரண்டு ஓரங்களிலும் தாள் நுழையவில்லை. நடுவில் வழுக்கிக்கொண்டு போனது.

ஜெராக்ஸ் தாளின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், அதாவது 100 மைக்ரான். தாடி மயிரின் தடிமனும் கிட்டத்தட்ட அதுவே. சவரத்துக்குத் தயாரான வாயின் தடிமனோ அரை மைக்ரான் அளவில் இருக்க வேண்டும். என் கல்லின் குழி, நான் எட்ட நினைத்த கூர்மையைப்போல 200 மடங்கு ஆழம். அலகு அந்தக் குழியின் மேல் பாலம்போலக் கிடந்தது. பாலத்தின் நடுப்பகுதியை ஆற்றின் தரை எப்படித் தேய்க்கும்?

இதில் ஒரு நுட்பம் உண்டு. கல் நீளவாட்டில் குழிந்திருந்தால் அவ்வளவு கேடில்லை. 20 செ.மீ நீளக் கல்லில் நீளவாட்டில் அரை மில்லிமீட்டர் குழி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்குப்படி அது 10 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு சிறு துண்டு. முதுகிலிருந்து வாய்வரை 19 மி.மீ மட்டுமே உள்ள கத்திக்கு அந்த வளைவு தெரியவே தெரியாது. சரிவின் கோணம் ஒரு பாகையில் சுமார் இருபதில் ஒரு பங்குதான் மாறும். அகலவாட்டுக் குழிதான் எமன். கல்லின் அகலம் சுமார் 75 மி.மீ, அலகின் நீளமும் ஏறக்குறைய அவ்வளவே என்பதால், நேரான வாய் முழுவதும் ஒரே சமயத்தில் குறுக்குக் குழியின் மேல் போய் உட்காருகிறது. கல்லைச் சோதிக்கிறவர்கள் ஸ்கேலைப் பெரும்பாலும் நீளவாட்டில்தான் வைக்கிறார்கள். குறுக்கே வைத்துப் பார்க்க வேண்டும்.

அன்றைக்குத்தான் ஒரு தீட்டுமேடை செய்வதென்று முடிவெடுத்தேன். கல், தோல், கை மூன்றுக்கும் அசையாத ஓர் இடம். அது எதற்கு என்று கேட்டால், கத்தியின் அமைப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

சமையலறைக் கத்தியைத் தீட்டும்போது கோணத்தைக் கைதான் காக்கிறது. சவரக்கத்தி அப்படியல்ல. அதைக் கல்லில் படுக்கவைத்தால் முதுகும் வாயும் இரண்டுமே கல்லைத் தொடும். நடுவில் உள்ள குழிவு தொடாது. முதுகே ஒரு கோணமானி. முதுகின் தடிமன் 5.5 மி.மீ, அகலம் 19 மி.மீ என்றால் இரண்டு சரிவுகளும் சேரும் கோணம் சுமார் 16½ பாகை. தீட்டத் தீட்ட வாய் தேய்கிறது, கூடவே முதுகும் தேய்கிறது. அதனால் ஆண்டுக்கணக்கில் கோணம் பெரிதாக மாறுவதில்லை. இந்தக் கத்தியை முதன்முதலில் யோசித்தவரை நான் மனதாரப் போற்றுகிறேன். கையிடமிருந்து கோணம் என்ற பொறுப்பையே பிடுங்கிக்கொண்ட கருவி இது. முதுகைத் தூக்காமல் இருப்பது ஒன்றே கையின் வேலை. ஆனால் அந்தப் பொறுப்பு எங்கேயும் காணாமல் போய்விடவில்லை. கையிலிருந்து கல்லுக்கு மாறியிருக்கிறது. கல் மட்டமாக இருந்தால் வாய் நேராக இருக்கும். கல் பொய் சொன்னால் வாயும் பொய் சொல்லும்.

கல்லை மட்டமாக்க, முதலில் மட்டமான இன்னொன்று வேண்டும். அது நம் ஊர்க் கண்ணாடிக் கடையிலேயே கிடைக்கிறது. ஜன்னலுக்கும் மேசைக்கும் போடும் சாதாரணக் கண்ணாடி இன்று மிதவை முறையில் செய்யப்படுகிறது. இங்கிலாந்தின் செயின்ட் ஹெலன்ஸ் நகரில் அலஸ்டர் பில்கிங்டன் உருவாக்கி 1959-இல் அறிவித்த முறை இது. உருகிய வெள்ளீயத்தை ஒரு குளம்போல நிரப்பி, அதன்மேல் உருகிய கண்ணாடியை ஓடவிடுகிறார்கள். வெள்ளீயம் 232 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். கண்ணாடி அதைவிட மிக உயர்ந்த வெப்பத்தில் வந்து மிதந்து, படிப்படியாகக் குளிர்ந்து இறுகும்போதும் அடியில் வெள்ளீயம் திரவமாகவே இருக்கும். மேற்பரப்பைப் புவியீர்ப்பும் பரப்பு இழுவிசையும் சமப்படுத்துகின்றன, அடிப்பரப்பை வெள்ளீயக் குளம் சமப்படுத்துகிறது. எந்த மனிதரும் அரைக்காமல், தேய்க்காமல் கிடைத்த மட்டம்! 8 மி.மீ தடிமனில் 30 செ.மீ-க்கு 10 செ.மீ வெட்டுத்துண்டு இரண்டு வாங்கினேன். ஓரங்களைக் கடைக்காரரே உரசிக் கொடுத்தார்.

கண்ணாடியின் மேல் தண்ணீர் தெளித்து, பெயின்டர்கள் பயன்படுத்தும் கறுப்பு வாட்டர் பேப்பரை ஒட்டவைத்தேன். தண்ணீரே அதைப் பிடித்துக்கொள்ளும். தீட்டுகல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுவிட்டு, பேப்பரின் மேல் கவிழ்த்துத் தேய்த்தேன். பத்துத் தேய்ப்பில் ஓரக் கோடுகள் அழிந்தன. நடுவில் ஒரு தீவுபோலப் பென்சில் கோடுகள் அப்படியே நின்றன. பெரியவர் சொன்ன குழி, வரைபடமாகக் கண்முன்னே! தேய்க்கத் தேய்க்க அந்தத் தீவு சுருங்கிச் சுருங்கி ஒரு புள்ளியாகி மறைய முக்கால் மணிநேரம் ஆயிற்று. இந்த முக்கால் மணிநேரத்தைச் செலவழிக்க மனமில்லாமல்தான் அதற்குமுன் 2 வாரத்தைத் தொலைத்திருந்தேன்.

கண்ணாடி இல்லாத காலத்தில் மட்டத்தை எங்கிருந்து பெற்றார்கள்? இந்தக் கேள்விக்கு உள்ள விடை பொறியியல் வரலாற்றிலேயே எனக்கு மிகப் பிடித்த ஒன்று. இரண்டு கற்களை ஒன்றோடொன்று தேய்த்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும். ஆனால் மட்டமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒன்று மேடாகவும் மற்றது அதே அளவு குழியாகவும் ஆனாலும் கச்சிதமாகப் பொருந்திவிடும். வீட்டிலேயே தொலைநோக்கி செய்பவர்கள் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள். இரண்டு கண்ணாடி வட்டுகளைத் தேய்த்து, மேலே உள்ளதைக் குழி ஆடியாக்கிக்கொள்கிறார்கள். நமக்கு வேண்டியது மட்டம். அதற்கு மூன்றாவது கல்லைச் சேர்க்க வேண்டும். முதலாவதும் இரண்டாவதும், இரண்டாவதும் மூன்றாவதும், மூன்றாவதும் முதலாவதும் என்று மாறி மாறித் தேய்த்துக்கொண்டே வந்தால் மூன்றும் எல்லா ஜோடிகளிலும் பொருந்தியாக வேண்டும். மேட்டோடு பொருந்துவது குழி, குழியோடு பொருந்துவது மேடு. மூன்று பேர் இருக்கும் இடத்தில் இது நடக்காது. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த ஒரே வழி மூன்றும் மட்டமாக இருப்பதுதான். ஆங்கிலப் பொறியாளர் ஜோசஃப் விட்வர்த் 1840-இல் இந்த மூன்று தட்டு முறையைப் பொறியாளர்களுக்கு விளக்கினார். தேய்ப்பதைவிடச் சுரண்டி எடுப்பதே நுட்பமானது என்றும் அவர் காட்டினார். அளவுகோல் எதுவும் கையில் இல்லாமல், மூன்று கரடுமுரடான துண்டுகளிலிருந்து ஒரு தளம் பிறக்கிறது. கண்ணாடி கிடைக்காவிட்டால் மூன்று தீட்டுகற்களை வைத்து இன்றும் இதைச் செய்யலாம்.

இனி மேடை. 18 மி.மீ ப்ளைவுட்டில் 50 செ.மீ நீளம், 25 செ.மீ அகலம். ஒரே பலகையில் செய்யாதீர்கள். மரம் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப ஊதிச் சுருங்கும். அதிலும் ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்குவது, வளையங்களுக்குக் குறுக்கே சுருங்குவதைவிடச் சுமார் 2 மடங்கு. இந்த வித்தியாசத்தால்தான் பலகை ஓடுபோல வளைகிறது. ப்ளைவுட்டில் அடுக்குக்கு அடுக்கு நார் குறுக்காக ஓடுவதால் ஓர் அடுக்கின் ஆட்டத்தை அடுத்த அடுக்கு அடக்குகிறது.

பலகையின் அடியில், நம் பக்கமாக, ஒரு 3 செ.மீ சட்டத்தைக் குறுக்கே திருகினேன். அது மேசை விளிம்பில் மாட்டிக்கொள்ளும். தள்ளும்போது மேடை நகராது. தச்சர்கள் மரம் அறுக்கும்போது வைத்துக்கொள்ளும் கொக்கிப் பலகை இதே அமைப்புத்தான். மேலே, கல் உட்கார இரண்டு மெல்லிய ரீப்பர் துண்டுகள். ஒன்றை ஆணியடித்து நிறுத்திவிட்டு, மற்றதற்கும் கல்லுக்கும் இடையில் ஓர் ஆப்பு இறுக்கினேன். திருகு வைத்து நெருக்கினால் கல் நெளியவும் விரிசல் விடவும் வாய்ப்புண்டு. ஆப்பை விரலால் தட்டினாலே போதும். கல்லுக்கு அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் பரப்பினேன். கல்லைவிடப் பெரிதாக வெட்டக் கூடாது. தண்ணீர் தேங்கி ப்ளைவுட்டின் ஓரம் பிரியும். ஓரங்களுக்கு இரண்டு கை வார்னிஷ்.

உயரம்தான் பலரும் கவனிக்காத விஷயம். நின்று தீட்டுவது நல்லது. மேடையின் முகம் முழங்கைக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். உயரம் அதிகமானால் மணிக்கட்டு மடங்கும். மணிக்கட்டு மடங்கினால் முதுகு கல்லிலிருந்து எழும். தோளிலிருந்து கை முழுவதும் ஒரே துண்டாகப் போய்வர வேண்டும். என் மேசை தாழ்வாக இருந்ததால் அதன் கால்களுக்கடியில் இரண்டு செங்கல் உயரத்துக்குக் கட்டை கொடுத்தேன்.

கல்லைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. இன்றைய செயற்கைத் தீட்டுகற்களில் பெரும்பாலானவற்றில் வெட்டும் துகள் அலுமினியம் ஆக்சைடு. அதன் இயற்கைப் படிகத்துக்கு உலகம் முழுவதும் வழங்கும் பெயரான ‘கொரண்டம்’ நம்முடைய ‘குருந்தம்’ என்ற சொல்லிலிருந்து போனது. வைரத்தின் கடினத்தை 10 என்று வைக்கும் மோஸ் அளவையில் குருந்தத்துக்கு 9. குருந்தக் கல்லைப் பொடித்து, அரக்கோடு உருக்கிச் சேர்த்து வார்த்த சக்கரமே நம் ஊர்ப் பழைய சாணை. மணி அறுப்பவர்களும் ஆயுதம் தீட்டுபவர்களும் அதைத்தான் வைத்திருந்தார்கள். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பக்கத்து வெளிர் பாறைகளில் குருந்தம் இன்றும் கிடைக்கிறது. நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது என்பதால் அதே பாறையைப் பொடித்துத்தான் இஸ்ரோ தன் நிலவுக் கலங்களுக்கான சோதனை மண்ணைத் தயாரித்தது.

கற்களுக்கு எண் உண்டு. 1000 எண் கல்லில் துகள் 10 மைக்ரானைத் தாண்டும். 8000 எண்ணில் 1 அல்லது 2 மைக்ரான். ஏன் இத்தனை படிகள்? ஒவ்வொரு துகளும் சரிவின் மேல் ஒரு பள்ளத்தை உழுகிறது. இடப்பக்கத்துப் பள்ளமும் வலப்பக்கத்துப் பள்ளமும் வந்து சேரும் இடம்தான் வாய். அதனால் 1000 கல்லோடு நிறுத்திய வாய், உருப்பெருக்கியில் ரம்பம்போலத் தெரியும். தக்காளிக்கு அந்த ரம்பம் நல்லது. கன்னத்துக்கு ஆகாது. அடுத்த கல், முந்தைய கல் போட்ட பள்ளங்களை முழுவதும் அழித்துவிட்டுத் தன் சின்னப் பள்ளங்களைப் போட வேண்டும். ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் அடிப்பள்ளங்கள் மேலே பளபளப்போடு அப்படியே இருக்கும். பெல்ஜியத்தின் ஆர்டென் மலையில், வீல்சால்ம் பகுதியில் வெட்டியெடுக்கும் மஞ்சள் நிறக் கொட்டிக்யூல் கல் இதில் தனி ரகம். அதில் வெட்டுவது கார்னெட் என்ற கோமேதக வகைப் படிகம். உருண்டைக்கு நெருக்கமான 12 முகப் படிகம் என்பதால் தன் அளவுக்குப் பெரிய பள்ளம் தோண்டாமல் மேலோட்டமாகவே வெட்டும். அழகான கல். ஆனாலும் புதிதாகத் தொடங்குகிறவரிடம் நான் சொல்வது, ஒரு 1000, ஒரு 4000, ஒரு 8000, மட்டமாக்கக் கண்ணாடி. பணத்தை அதற்குமேல் கல்லில் போட வேண்டாம்.

இதில் 1000 கல்தான் உயிர்நாடி. இரண்டு சரிவுகளும் சேருவது அங்கேதான் முடிவாகிறது. மற்றவை மெருகு. சேர்ந்ததா என்று அறிய, மார்க்கர் பேனாவால் வாயோரம் இரண்டு பக்கமும் மை பூசிவிட்டு, கல்லில் ஒரே ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். மை எங்கே அழிந்ததோ அங்கே கல் தொட்டிருக்கிறது. வாயின் கடைசி நூலிழையில் மை மிச்சமிருந்தால் இன்னும் சேரவில்லை. நகைக்கடையில் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் சின்ன லென்ஸ் இதற்குப் போதும். ஓட்டும்போது வாய் முன்னே போக வேண்டும், கல்லிலிருந்து மெல்லிய ஏடு ஒன்றைச் சீவி எடுப்பதுபோல. கத்தியின் எடைக்கு மேல் ஒரு சிறிது அழுத்தமே போதும். குழித்த அலகு மெல்லியது, அழுத்தினால் வளையும். வளைந்தால் வாய் கல்லைவிட்டு எழுந்துவிடும். திருப்பும்போது எப்போதும் முதுகின் மேல் புரட்ட வேண்டும். வாயின் மேல் ஒருபோதும் புரட்டக் கூடாது.

8000 கல்லை விட்டு எழுந்த கத்தி தோலுக்குப் போகிறது. மேடையின் மறுபாதியில் மிச்சமிருந்த கண்ணாடித் துண்டின் மேல் தோலை ஒட்டினேன். தமிழ்நாட்டில் தோல் தேட அலைய வேண்டியதில்லை. ஈரோடு, திண்டுக்கல், திருச்சி வட்டாரத்தில் ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும் பதனிட்டு வந்த தோலுக்கு ‘ஈஸ்ட் இந்தியா தோல்’ என்று உலகச் சந்தையில் பெயர். புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. மரப்பட்டையில் பதனிட்ட 3 மி.மீ தோல், அகலம் 75 மி.மீ. மாட்டின் மேல்தோல் பக்கம் மேலே இருக்கும்படி, பெவிகாலை மெல்லிதாக இழுத்துப் பூசி, மேலே இன்னொரு கண்ணாடியும் அம்மிக்குழவியும் வைத்து ஒருநாள் முழுக்க விட்டேன். பசை கட்டி தட்டினால் தோலில் மேடு வரும்.

சலூனில் சுவரில் மாட்டித் தொங்கவிடும் தோல்வாரைத்தான் பலரும் பார்த்திருப்பார்கள். அதற்கும் மேடையின் பக்கவாட்டில் ஒரு கொக்கி போட்டிருக்கிறேன். ஆனால் பழகாத கைக்குத் தொங்கும் வார் ஆபத்து. 60 செ.மீ வார் ஒன்றின் நடுவில் கத்தி அழுத்தி 1 செ.மீ தொய்ந்தால், தோல் இருபுறமும் கிட்டத்தட்ட 2 பாகை மேலேறும். ஒரு பக்கச் சரிவு 8 பாகைதான். வாயின் நுனியில் அது 10 பாகையாகிவிடும். பத்திருபது தடவை போதும், கல்லில் மணிக்கணக்காக எடுத்த கூர்மை உருண்டுவிடும். பெரியவர் வாரை இடது கையால் எவ்வளவு விறைப்பாக இழுத்துப் பிடிப்பார் என்பது இப்போது நினைவுக்கு வருகிறது. கத்தி அதன்மேல் பட்டும் படாமலும் போகும். கண்ணாடிமேல் ஒட்டிய தோல் தொய்யாது. தொடங்குகிறவருக்கு அதுவே பாதுகாப்பு.

தோலில் முதுகு முன்னே, வாய் பின்னே. கல்லுக்கு நேர்மாறு. வாயை முன்னே விட்டால் தோலைச் சீவிவிடும்.

வெறும் தோல் என்ன செய்கிறது, பூச்சு போட்ட தோல் என்ன செய்கிறது என்பது பற்றி ஆளுக்கொரு கருத்து உண்டு. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்து உலோகவியல் பேராசிரியர் ஜான் வெர்ஹோவன் கத்திகளைப் பலவிதமாகத் தீட்டி, ஒவ்வொரு படியிலும் மின்னணு நுண்ணோக்கியில் படமெடுத்துப் பார்த்தார். வெறும் தோல் பெரிய மாற்றம் எதையும் செய்யவில்லை. குரோமியம் ஆக்சைடு பூசிய தோலோ கல்லின் கீறல்களை மழித்து, பிசிறை எடுத்து, வாயைத் தெளிவாக மேம்படுத்தியது. கடையில் பச்சை நிறக் கட்டியாகக் கிடைப்பது அதுதான். சுமார் அரை மைக்ரான் துகள், எஃகைவிடக் கடினம். (குரோம் முறையில் பதனிட்ட தோலில் இது இருக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். இல்லை. அங்கே இருப்பது தோல் நாரோடு பிணைந்துவிட்ட குரோமியம். வெட்டும் துகள் அல்ல.)

இந்தப் பச்சைப் பொடியைப் பற்றி ஒன்று சொல்லாமல் நகர முடியவில்லை. குருந்தத்தில் அலுமினிய அணுக்களும் ஆக்சிஜன் அணுக்களும் எப்படி அடுக்கியிருக்கின்றனவோ, குரோமியம் ஆக்சைடிலும் அணுக்கள் அதே அமைப்பில்தான் அடுக்கியிருக்கின்றன. தட்டார்கள் மெருகுக்குப் பூசும் சிவப்புப் பொடி ஒன்று உண்டு, இரும்பு ஆக்சைடு. அதற்கும் அதே அடுக்கு. கல்லிலிருந்து பச்சைக்கும் சிவப்புக்கும் மாறும்போது உலோகம் மாறுகிறது, துகள் சிறிதாகிறது. கட்டமைப்பு ஒன்றே. குருந்தத்தில் சிறிதளவு குரோமியம் கலந்தால் அது மாணிக்கம்.

வெர்ஹோவனுக்கு இன்னொரு முகம் உண்டு. டமாஸ்கஸ் வாள்களின் அலையலையான வரிக்கோலத்தை, ஆல்ஃபிரட் பெண்ட்ரே என்ற கொல்லரோடு சேர்ந்து மீண்டும் உருவாக்கிக் காட்டியவர் அவர். அந்த வாள்களுக்கான எஃகுக் கட்டிகள் இந்தியாவிலிருந்து, குறிப்பாகத் தென்னகத்திலிருந்து போனவை. தமிழ்நாட்டின் மேல்சிறுவலூரில் அந்த எஃகை உருக்கிய மூசைகளின் எச்சங்களை ஆய்வாளர் சாரதா சீனிவாசன் அடையாளம் கண்டார். ஐரோப்பியர் அதை ‘வூட்ஸ்’ என்றார்கள். கன்னடத்தின் உக்கு, தமிழின் உருக்கு என்ற சொல் திரிந்ததே அது என்பது பரவலான கருத்து. 1790-களில் பம்பாயிலிருந்து மருத்துவர் ஹெலனஸ் ஸ்காட் இந்தக் கட்டிகளை லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவர் அதை அடித்துப் பார்த்து மனம் பறிகொடுத்தார். தன் சவரக்கத்திகளும் அறுவைக் கருவிகளும் இந்திய வூட்ஸ் எஃகில் செய்தவை என்று தன் கடைச் சீட்டிலேயே அச்சடித்துக்கொண்டார். ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட அதையே அவர் உயர்வாக மதித்தார். பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740-களில் ஷெஃபீல்டில் மூசை எஃகை உருவாக்கி, அந்த நகரமே சவரக்கத்திக்குப் பேர்போன பிறகு நடந்தது இது. பின்னர் ஸ்டோடார்ட், இளைஞரான மைக்கேல் ஃபாரடேயோடு சேர்ந்து, வூட்ஸின் ரகசியத்தைத் தேடி எஃகில் பல உலோகங்களைக் கலந்து பார்த்தார். 1820-இலும் 1822-இலும் அந்த ஆய்வுகள் வெளிவந்தன. மின்காந்தத்தின் ஃபாரடே தன் தொடக்க ஆண்டுகளில் சவரக்கத்திக்கான எஃகைத் தேடியவர் என்று நினைக்கும்போது இந்த மேடையின் முன் நிற்பதே ஒரு மரியாதை என்று தோன்றுகிறது.

இத்தனை செய்தும் கத்தி ஏன் மழுங்குகிறது? மயிர் எஃகைவிட 50 மடங்கு மென்மையானது. வெண்ணெய் கத்தியைத் தேய்க்குமா? எம்.ஐ.டி-யைச் சேர்ந்த ஜான்லூகா ரொஷோலி, மொஹதெசே தாஹேரி-மூசவி, ஜெம் தாசான் மூவரும் 2020-இல் ‘சயன்ஸ்’ இதழில் இதற்கு விடை சொன்னார்கள். ரொஷோலி தானே சவரம் செய்து, ஒவ்வொரு சவரத்துக்குப் பிறகும் அந்த பிளேடை நுண்ணோக்கியில் பார்த்தார். வாய் உருண்டு தேய்ந்திருக்கும் என்பதுதான் பொதுவான எதிர்பார்ப்பு. அவர் கண்டது சின்னச் சின்னப் பெயர்ச்சிகளை. பிறகு நுண்ணோக்கிக்குள்ளேயே மயிரை வெட்டும் ஒரு கருவியை அமைத்து, பெயர்ச்சி நடக்கும் கணத்தைப் படமெடுத்தார். மயிர் நேர் நிற்கும்போது ஒன்றும் ஆகவில்லை. வளைந்து சாய்ந்த மயிரின் ஓரம் வாயில் பட்ட இடத்தில்தான் உடைப்பு. வாயின் எஃகு எல்லா இடத்திலும் ஒரே சீரானது அல்ல. கொஞ்சம் கடினமான பகுதியும் கொஞ்சம் மென்மையான பகுதியும் அடுத்தடுத்து இருக்கும். அந்த எல்லையில் மயிரின் ஓரம் வந்து நின்றால் விசை முழுவதும் அங்கே குவிகிறது. சின்னத் துணுக்கு பெயர்கிறது.

அவர்கள் ஆராய்ந்தது எறியும் ரேசர்களின் பிளேடு. சவரக்கத்தியின் எஃகும் கோணமும் வேறு. ஆனாலும் அந்தக் கட்டுரையைப் படித்த பிறகு என் பழக்கங்கள் மாறின. முகத்தை வெந்நீரில் 2, 3 நிமிடம் ஊறவிடுகிறேன். மயிரின் கெரட்டின் தண்ணீரைக் குடித்து ஊதி மென்மையாகும். வெட்டத் தேவையான விசை குறையும். தோலை இடது கையால் இழுத்துப் பிடிக்கிறேன். மயிர் அடியில் நிமிர்ந்து நிற்கும், வளைந்து ஓட இடமிருக்காது. சலூன்காரர்கள் வெந்நீர்த் துண்டு போடுவதும் கன்னத்தை விரலால் இழுப்பதும் முகத்துக்கு மட்டுமே செய்கிற உபகாரம் என்று நினைத்திருந்தேன். அது கத்திக்கும் செய்கிற உபகாரம்.

துருவும் ஓர் எதிரி, பேசப்படாத எதிரி. இது கார்பன் எஃகு. அரை மைக்ரான் வாயில் ஓர் இரவு ஈரம் இருந்தாலே போதும், தின்றுவிடும். சவரம் முடிந்ததும் கழுவி, துணியில் ஒற்றி, மேடைத் தோலின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் கெட்டிக் காடாத்துணியில் பத்து முறை, வெறும் தோலில் முப்பது முறை. பிறகு தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி. தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுத்துப் போகும்.

கல்லை மட்டமாக்கிய மறுநாள் மாலை, 1000-இல் தொடங்கி 8000-இல் முடித்து, பச்சை பூசிய தோலில் இருபது முறை ஓட்டினேன். ஜன்னலோரம் போய்ச் சாய்த்துப் பார்த்தேன். நடுவிலும் கறுப்பு. பெரியவர் செய்வதுபோல முன்கையில் தோலைத் தொடாமல், மயிரின் நுனி உயரத்தில் கத்தியைக் கொண்டுபோனேன். சத்தமே இல்லாமல் நுனிகள் உதிர்ந்தன. திரும்பி வந்து தோலைப் பார்த்தால், பச்சைப் பூச்சின் மேல் நீளவாட்டில் மெல்லிய கறுப்புக் கோடுகள், மயிரிழைபோல, நெருக்கமாக. விரலால் தேய்த்தேன். விரல் நுனி சாம்பல் நிறமாயிற்று. சோலிங்கனில் பதம் வைத்த எஃகின் கடைசி அரை மைக்ரான் அது.